பதினான்காம் பக்கத்து C

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை. சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் ஸ்விட்ச்சில் கருகிய வாடை, எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை.

மெயில் ஒன்று. ஒரு ஜர்னலின் எடிட்டர். பேப்பர் ஒன்று வந்திருக்கிறதாம், நிரூபணம் சரியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். ஆறு வாரம் அவகாசம். சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே வராது. எழுதியவர்களுக்குப் பரிசோதித்தது யார் என்றே தெரியாது. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ரெஃப்ரி (நடுவர்) வேலை. சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பைலைத் திறந்து தலைப்பைப் பார்த்தேன். மூடிவிட்டேன். போய்ப் பால் காய்ச்சினேன். திரும்ப வந்து பார்த்தேன், அதே தலைப்புதான்.

என் கணக்கு. நான் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கிற அதே கணக்கு.

ஜூலை 9, புதன்

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் செ. கேட்டார். "என்னம்மா, நேத்துலேருந்து மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற மனிதர், யார் முகத்தையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார்.

சொன்னேன். "ரெண்டு வேலை இருக்குன்னு வைங்க. இத மொதல்ல செஞ்சு அத அப்புறம் செஞ்சா ஒரு விடை. மாத்திச் செஞ்சா வேற விடை. அந்த ரெண்டு விடையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா, வேலையக் கொஞ்சமா நகத்தி, எப்படிச் செஞ்சாலும் ஒரே விடைதான்னு ஆக்க முடியுமா? அதாங்க கேள்வி."

"முடியுமா?"

"சில வகைக்கு முடியும்னு பாதி தூரம் வந்திருந்தேன். இவங்க மீதியும் போயிட்டதா எழுதியிருக்காங்க."

"இதுக்கா இத்தன வருஷம்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஆனால் அந்தக் கேள்வி மதியம் முழுக்கக் கூடவே இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். மாடியில் துணி. முழங்கால் வலி, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது துணி காய்ந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "எளிமைக்காக, எடைகள் இறங்குவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்."

எளிமைக்காக!

எண்கள் பெரிதிலிருந்து சிறிதாகத்தான் வர வேண்டும் என்கிற இந்த நிபந்தனையைத் தூக்கி எறியத்தான் நான் அத்தனை வருஷம் உட்கார்ந்தேன். இறங்குவரிசை என்று வைத்துக்கொண்டால் என் லெம்மா எப்போதோ முடிந்த விஷயம். பெரிய தேற்றத்துக்கு முட்டுக்கொடுக்கிற சின்னத் தேற்றம், ஒன்றரைப் பக்கம்தான். நிபந்தனையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அரைகுறை என்று நினைத்தேன். பொதுவான நிலைக்கு நிரூபித்துவிட்டு மொத்தமாக அனுப்பலாம், அடுத்த கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். ஒவ்வொரு கோடைக்கும் இதே பேச்சு. நடுவில் விடைத்தாள் திருத்தல், துறைத் தலைவர் வேலை, மாமியாரின் ஆஸ்பத்திரி, எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றின் மேல் பழி போட முடியாது. நேரம் கிடைத்த நாட்களிலும் நான் அந்த ஒன்றரைப் பக்கத்தை அனுப்பவில்லையே.

இவர்கள் ஒரே வரியில் எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

மீன் வாங்கவில்லை. ஆடி பிறக்கப் போகிறது, இனி எதற்கு என்று செ.வே சொல்லிவிட்டார்.

பக்கம் 14. மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு சோம்பேறிப் பழக்கம் உண்டு. எல்லா மாறிலிக்கும் C என்று ஒரே எழுத்து. 'C வரிக்கு வரி மாறலாம்' என்று முதலிலேயே எழுதிவிட்டால் போதும். இரண்டு C-ஐக் கூட்டினாலும் C, பத்தால் பெருக்கினாலும் C. எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. உள்ளே எது ஒளிந்திருக்கிறது என்று மறந்துவிடாதவரை. நான் மட்டும் ஒவ்வொரு C-க்கும் கீழே அது எதைச் சார்ந்தது என்று சின்ன எழுத்தில் போடுவேன். வகுப்பில் கேலி. "மேடம் C கிட்டகூட ஆதார் கார்டு கேப்பாங்கடா."

பக்கம் 11-இல் அணியை (செ.யிடம் 'வேலை' என்று நான் சொன்னது அதைத்தான்) முக்கோணமாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வரும் C, அணியின் அளவான n பெரிதாகப் பெரிதாகத் தானும் வளரும். மிக மிக மெதுவாக. சின்ன உதாரணங்களில் போட்டுப் பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று பக்கம் தள்ளி n-ஐ முடிவிலிக்கு அனுப்புகிறார்கள். C அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

தேற்றம் விழுந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதி வைக்கிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். எழுந்து வீட்டுக்குள் இரண்டு தடவை நடந்தேன். காபி போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல காபி.

ஜூலை 14, திங்கள்

அந்த ஓட்டையை அடைக்க என்ன வேண்டும்? முக்கோணமாக வெட்டாமல் போகிற ஒரு வழி. இறங்குவரிசை எடைகளுக்கு மட்டும் இருந்தால் போதும்.

என் லெம்மா.

பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் முழுவதையும் மறுபடி எழுதிப் பார்த்தேன். என் பழைய பைலைத் திறக்காமலே கை எழுதிக்கொண்டு போனது. ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. சரியாக இருக்கிறது. அப்போதே சரியாகத்தான் இருந்தது.

பொதுவான நிலை யாருக்கும் தேவைப்படவே இல்லை. நான் எதற்காகக் காத்திருந்தேனோ அதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. அரைகுறை என்று ஒதுக்கி வைத்ததுதான் முழுசு.

சமையல் செய்யவில்லை. செ. இட்லி வாங்கி வந்தார்.

ஜூலை 17, வியாழன்

காட்டூர். சபியா வீடு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, நின்றுகொண்டே போனேன்.

ஒரே கைடிடம் பி.எச்டி. செய்தவர்கள் நாங்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். என் லெம்மாவைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். டீயும் சமோசாவும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லி முடித்தேன்.

"யா அல்லாஹ். இன்னும் அத அனுப்பலையா நீ? எம்பொண்ணு இடுப்புல இருந்தப்ப போர்டுல போட்டுக் காட்டுன. அவளுக்கே இப்ப பொண்ணு இருக்கு."

"அந்தக் கண்டிஷன எடுத்துட்டு அனுப்பலாம்னு இருந்தேன்."

"எடுத்தியா?"

"இல்ல."

டீயை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு டீச்சர் குரலில் வரிசையாகச் சொன்னாள். தப்பு இருக்கு, நிராகரியுங்கள் என்று எழுதிவிட்டு அவசர அவசரமாக நானே அந்தத் தேற்றத்தை எழுதி அனுப்பினால் அது திருட்டு. ஓட்டையை மட்டும் காட்டி லெம்மாவை மறைத்தால் அது கஞ்சத்தனம். லெம்மாவைச் சும்மா கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் அது பைத்தியக்காரத்தனம்.

"எடிட்டருக்குத் தனியா ரெண்டு வரி எழுது. இது என்னோடது, இன்னும் அச்சாகல, எழுதுனவங்ககிட்ட எம்பேரச் சொல்லலாம்னு. அவங்க உன்னச் சேத்துக்குவாங்க, இல்ல உன்னோடத தனியாப் போடச் சொல்லுவாங்க. ரெண்டே வரி. எழுதுவியா?"

எழுதுகிறேன் என்றேன்.

"நீ எழுத மாட்டடி," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. நான் விடாமல் வைத்திருந்ததை நான் வீணடித்தேன் என்பதை அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். விட்டுவிட்டுப் போனவள் அவள். அவளுக்கும் சேர்த்துத்தான் நான் செய்துகொண்டிருப்பதாக நினைத்திருப்பாளோ?

வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. முக்கொம்பு அணைக்கு மேலேயிருந்து தண்ணீர் நன்றாக வருகிறது. பின் சீட்டில் ஒரு அம்மா: "இந்த வருஷம் பெருக்குக்கு நம்ம படித்துறைல எறங்க முடியுமான்னே தெரியலையே."

ஜூலை 24, வியாழன்

அறிக்கையில் மூன்று பக்கம் தயார். ஓட்டை எங்கே, ஏன், எப்படி அடைப்பது என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. லெம்மாவை நிரூபணத்தோடு சேர்த்தாயிற்று.

எடிட்டருக்கு இரண்டு வரி:
— "இந்த லெம்மாவை நான் முன்பே..." முன்பே என்றால் எப்போது? பொய் மாதிரி தெரிகிறது.
— "தற்செயலாக என்னிடம்..." தற்செயலா?
— "ஆசிரியர்கள் விரும்பினால் என் பெயரை..." பந்தியில் இடம் கேட்பது போல இருக்கிறது.

நாளை.

ஜூலை 29, செவ்வாய்

மோட்டார் சரியாயிற்று. இரண்டு வரி சரியாகவில்லை.

செ. எட்டிப் பார்த்தார். "ஒரு வாரமா அதே ஸ்கிரீனா?" விஷயம் தெரிந்ததும் சிரித்தார். "தாரு மரத்துலயே பழுக்கட்டும்னு விட்டா வவ்வால்தாம்மா திங்கும். நாங்க பச்சையிலயே வெட்டி லாரில ஏத்திடுவோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் வாழைக்குள் கொண்டுபோய் அடக்கிவிடுவார். "கணக்கு வாழைத்தார் இல்லைங்க. பச்சையா அனுப்புனா அது வழில பழுக்காது, தப்பாவேதான் போய்ச் சேரும்," என்றேன். அதுவும் உண்மைதான். அவர் டி.வி. பக்கம் போய்விட்டார். பாவம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

தொட்டியத்திலிருந்து நாத்தனார் குடும்பம். விடியற்காலையிலிருந்து தெரு முழுக்கக் கூட்டம், அம்மா மண்டபம் பக்கம் கால் வைக்க முடியவில்லை. தேங்காய் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல். மஞ்சள் கயிறு மறந்துபோய் செ. திரும்ப ஓடினார்.

நாத்தனார் கேட்டாள். "அண்ணி, ரிடையர் ஆயிட்டீங்கல்ல, இன்னும் என்ன கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு?"

செ. முந்திக்கொண்டு சொன்னார். "உங்க அண்ணி வெளிநாட்டுக்காரன் போட்ட கணக்குல தப்பு கண்டுபிடிச்சிருக்காங்க." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"அப்போ பேப்பர்ல பேரு வருமா?"

"வரும், வரும்," என்றார் அவர். நான் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மே மாதப் பிரிவுபசார விழா ஞாபகம் வந்தது. சால்வை, சந்தன மாலை. நேரம் தவறாதவர், அதிர்ந்து பேசாதவர், ஒரு நாள் கூட வகுப்புக்கு மட்டம் போடாதவர். எல்லாம் சொன்னார்கள். கணிதம் செய்தவர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. நான் காட்டினால்தானே தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடைசி நாள். காலையிலேயே கரண்ட் இல்லை. மதியம் வந்தது.

அறிக்கையை ஏற்றினேன். 'எடிட்டருக்கு மட்டும்' என்று தனிக் கட்டம் இருந்தது. என் இரண்டு வரி அதற்குள் ஐந்தாறு விதமாக மாறி, கடைசியில் நான்கு வரியாகி, படித்துப் பார்த்தால் மனு எழுதியது போல இருந்தது. அழித்தேன். கட்டம் காலி. இரண்டு நாளில் நிதானமாகத் தனி மெயிலாக எழுதிவிடலாம், அதுதான் மரியாதையும் கூட என்று நினைத்துக்கொண்டேன்.

அனுப்பியாகிவிட்டது.

இந்த 'நிதானமாக' எனக்குப் புதுசு இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

சபியா போன். "ரெண்டு வரி போச்சா?"

"அறிக்கை போயிடுச்சு."

"நான் அதக் கேக்கல."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதவில்லை. நாளுக்கு நாள் எழுதுவது கஷ்டமாகிறது. இப்போது எழுதினால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்குக் காரணம் ஒன்று வேண்டும். நல்ல காரணம் கிடைக்கவில்லை.

பற்பசை. துவரம்பருப்பு. செ. கண்ணாடி பிரேம் மாற்ற.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி நெருங்குகிறது, மண்டியில் வேலை அதிகம், செ. வர மாலையாகிவிடுகிறது. மழை.

திருத்திய பேப்பர் வந்தது. நான் மறுபடி பார்த்துச் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போகும்.

பக்கம் 14-க்கு நேராகப் போனேன். முழுவதும் என் ஒன்றரைப் பக்கம். பெயர் கூட வைத்திருக்கிறார்கள்: 'நடுவரின் லெம்மா'. கடைசியில் நன்றி: "பெயர் தெரியாத நடுவருக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். அவர் இல்லாமல் இந்தத் தேற்றம் இல்லை." நல்ல மனிதர்கள். மறைக்கவில்லை, குறைக்கவில்லை. அவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

ஒன்று மட்டும் செய்திருக்கிறார்கள். என் மாறிலிக்குக் கீழே நான் போட்டிருந்த சின்ன எழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் C.

நிரூபணத்தைப் படித்தேன். வேறு யாரோ எழுதியது போலப் படித்தேன். அழகாக இருக்கிறது. நான் இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்திருக்கிறேன் என்று எனக்கு இதுவரை தெரியாது. அழுகை வந்தது. அழுதேன்.

அக்டோபர் 18, சனி

பதில் எழுதினேன். எல்லாம் சரி, பிரசுரிக்கலாம். ஒரே ஒரு திருத்தம்: பக்கம் 14, C எதைச் சார்ந்தது என்று குறிப்பிடவும்.

'எடிட்டருக்கு மட்டும்' கட்டம் மறுபடி வந்தது. இந்த முறை ஆரம்பிக்கக்கூட இல்லை.

நவம்பர் 27, வியாழன்

பகல் முழுக்கத் தூறல். சபியா வந்தாள், தானே, காட்டூரிலிருந்து நனைந்துகொண்டு. பேத்திக்கு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி கணக்கு வரவில்லையாம், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்தாள். தலையைத் துவட்டிவிட்டு லேப்டாப்பை என் முன்னால் நகர்த்தினாள்.

"இப்ப எழுது. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"என்னன்னு எழுதுறது?"

"இது என்னோடதுன்னு."

குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. எழுதினேன். இது என்னுடையது. பெயரைச் சொல்லலாம். இரண்டாவது வரியில் ஒரு எழுத்து விட்டுப்போனது, அவள் திருத்த விடவில்லை. அவளே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அவ்வளவுதான் வேலை. அடுப்பை அணைக்கிற நேரம் கூட ஆகவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

எடிட்டர் பதில். மிகவும் வருந்துகிறார். பேப்பர் இந்த வாரம்தான் இணையத்தில் வெளியாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாது. முன்பே சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பாராம். எழுதியவர்களே இரண்டு முறை கேட்டார்களாம், இந்த நடுவர் தன் பெயரைச் சொல்ல விரும்புவாரா, இணை ஆசிரியராகச் சேர்வாரா என்று. நான் கட்டத்தைக் காலியாக விட்டதால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டாராம். வேண்டுமானால் தனிக் குறிப்பாக ஏதாவது எழுதி அனுப்பலாமாம்.

அச்சான லெம்மாவை என்னுடையது என்று யாருக்குக் குறிப்பு எழுதுவது?

சபியாவுக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை விட்டது. மாடியில் துணி. செ. வீட்டில்.

"அந்தக் கணக்கு என்னாச்சும்மா? பேப்பர்ல வந்துச்சா?"

வந்துவிட்டது என்றேன். காட்டச் சொன்னார். அவர் போனிலேயே எடுத்துக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கம் 14-ஐக் காட்டினேன். C-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்திருந்தார்கள், n-ஐச் சார்ந்ததல்ல என்று. நன்றி சொன்ன இடத்தையும் காட்டினேன். "இதுதாங்க நானு."

ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

போனில் டிங் டிங் என்று சத்தம். கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மண்டி வியாபாரிகள் குரூப்பில் போட்டிருக்கிறார். 'என் மனைவி கண்டுபிடித்த கணக்கு. வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்துள்ளது.' கீழே வரிசையாகக் கும்பிடு, பூ, கைதட்டல். தொட்டியத்து ஆட்கள், லாரி புக்கிங் ஆட்கள், தராசுக்காரர். வாழ்த்துக்கள் அக்கா. பெருமையா இருக்குண்ணே. நம்ம ஊருப் பொண்ணு. சிரிப்பு வந்துவிட்டது, நிஜமாகவே சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கடைசியாக ஒரு பையன் போட்டிருந்தான், மண்டியில் புதிதாகச் சேர்ந்தவன் போல.

"ரெண்டு தடவ தேடிப் பாத்துட்டேன். இதுல அக்கா பேரு எங்கண்ணே இருக்கு?"

செ. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பையனுக்கு அவர் இன்னும் பதில் போடவில்லை.